தண்ணீரை ஊற்றித் தீ மூட்டலாம், தெரியுமா?

மதுரை தெற்காவணி மூல வீதியை ஒட்டி ஒரு சந்து. மரப்படி ஏறினால் நகைப் பட்டறை. அறுந்துபோன சங்கிலியைப் பற்றவைக்கக் கொண்டுபோயிருந்தேன். ஆசாரி காலடியில் கும்பட்டி இல்லை. வாயில் ஊதுகுழல் இல்லை. மூலையில் கேஸ் சிலிண்டரும் இல்லை! பீரோ ஓரமாகப் பழைய ஸ்டெபிலைசர் மாதிரி ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாதி தண்ணீர் நிரம்பிய குடுவை. அதற்குள் குமிழ்கள் விடாமல் கொப்பளித்தன. குடுவையிலிருந்து ஒரு மெல்லிய குழாய். குழாயின் நுனியில் என்ன தெரியுமா? சிரிஞ்சு ஊசி!

"எதுலண்ணே எரியுது?"

"தண்ணியிலதான் தம்பி."

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். லைட்டரைக் காட்டினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஊசி முனையில் ஏதோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. "கைய நீட்டிறாதீங்க, தீ கண்ணுக்குத் தெரியாது" என்றபடி சங்கிலியில் வெங்காரம் தடவிய இடத்துக்கு அதைக் கொண்டுபோனார். படக்கென்று மஞ்சள் நிறத்தில் ஒரு சுடர் உயிர் பெற்றது! வெங்காரத்தில் இருக்கும் சோடியம் செய்த வேலை அது. பொடி உருகி ஓடியது, கண்ணி ஒட்டியது. எண்ணி நாலு நொடி. பக்கத்துக் கண்ணிகூடக் கறுக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது பத்தாம் வகுப்புப் பாடம்தான். நிக்கல் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளை வரிசையாக அடுக்கி, நடுவே காஸ்டிக் பொட்டாஷ் கலந்த தண்ணீரை நிரப்பி, நேர் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். இரண்டும் இரண்டுக்கு ஒன்று என்ற கன அளவில் பிரிகின்றன. அவை எரிவதற்கு வேண்டிய விகிதமும் மிகச் சரியாக அதுவேதான்! அளந்து கலக்க ஆள் வேண்டாம், ரெகுலேட்டரைத் திருகித் திருகிச் சுடரைச் சரி செய்யவும் வேண்டாம். இயற்கையே பதம் பார்த்துக் கலந்து தருகிறது. பொட்டாஷ் செலவாவதில்லை, குறைவது தண்ணீர் மட்டும்தான்.

எவ்வளவு குறையும்? இதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். ஒரே ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்தால் கிடைக்கும் வாயு, சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 1,860 லிட்டர்! குடத்துத் தண்ணீர் ஓர் அறையையே நிரப்பும். நகைப் பட்டறைக்கு இவ்வளவெல்லாம் தேவையே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தகடுகளுக்கிடையே 20 அறைகள் கொண்ட அடுக்கில் 10 ஆம்பியர் ஓடினால் மணிக்குச் சுமார் 125 லிட்டர் கலவை வாயு வரும். அதற்குச் செலவாகும் தண்ணீர் 67 மில்லி. ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது!

சுடரின் சூடு எவ்வளவு? ஏறக்குறைய 2,800 டிகிரி செல்சியஸ். தங்கம் உருக 1,064 போதும். பிளாட்டினத்துக்கு 1,768. ஆய்வுக்கூடங்களில் கண்ணாடி ஊதுபவர்களைக் கதற வைக்கும் குவார்ட்ஸ் குழாய்கூட 1,700-ஐ நெருங்கும்போது இளகிவிடும். எல்லாவற்றுக்கும் இந்த ஊசிமுனைத் தீ போதும். அதிலும் பிளாட்டினம் ஒரு நாசூக்குக்காரி. கரியுள்ள தீயில் காட்டினால் கரியை உறிஞ்சி நொறுங்கும் குணம் வந்துவிடும். ஹைட்ரஜன் தீயில் கரி எங்கே இருக்கிறது? தண்ணீரிலிருந்து வந்தது எரிந்து தண்ணீராகவே போகிறது. புகை இல்லை, மசி இல்லை, நீராவி மட்டும்தான்.

இந்தத் தீயைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? பீர் காய்ச்சுபவர் வீட்டுப் பையன்! அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம், 1801. ராபர்ட் ஹேர் என்ற 20 வயது இளைஞன். அப்பாவுக்கு மதுவடிப்பாலை. பையனுக்கு ரசாயனப் பைத்தியம். பீர் பீப்பாய் ஒன்றை எடுத்து அதையே வாயுத் தொட்டியாக மாற்றி, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனிக் குழாயில் கொண்டுவந்து, நுனியில் மட்டும் சந்திக்க வைத்தான். சாதாரணத் தீக்கெல்லாம் டிமிக்கி கொடுத்துவந்த பிளாட்டினம் அந்தச் சுடரில் உருகி வழிந்தது! அமெரிக்கக் கலை அறிவியல் கழகம் அவருக்கு ரம்ஃபோர்டு பரிசைக் கொடுத்தது 1839-இல். அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். ஆனால் 38 வருடக் காத்திருப்பு!

ஹேர் அந்தச் சுடரை மூட்டுவதற்கு ஒரு வருடம் முன்னால், 1800-இல், லண்டனில் வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்துக் காட்டியிருந்தார்கள். இத்தாலிக்காரர் வோல்ட்டா தன் மின்கல அடுக்கைப் பற்றி லண்டனுக்கு எழுதிய கடிதம் அச்சேறும் முன்பே, அதை எப்படியோ கேள்விப்பட்டுத் தாங்களே ஓர் அடுக்கைக் கட்டி இந்த வேலையை முடித்துவிட்டார்கள். ஆக, தண்ணீரைப் பிரிக்கும் வித்தையும் வந்துவிட்டது, அந்த வாயுவை எரிக்கும் குழாயும் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுப் பட்டறை மேசையில் வைக்க உலகத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது!

ஏன் அத்தனை நாள்? பயம்தான். இங்கேதான் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒருவர் நுழைகிறார். எட்வர்ட் டேனியல் கிளார்க், கனிமவியல்காரர். 1816 வாக்கில் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஹேர் பிரித்து வைத்திருந்த இரண்டு வாயுக்களையும் முன்கூட்டியே கலந்து, ஒரு செம்புப் பெட்டியில் அழுத்தி அடைத்து, அங்கிருந்து சுடர் விட்டார்! கையில் கிடைத்த கல்லையெல்லாம் உருக்கிப் பார்த்தார். அபாரமான சூடு வந்தது. கூடவே வெடியும் வந்தது. பெட்டி ஒருமுறை அல்ல, பலமுறை வெடித்தது. மனிதர் உயிர் தப்பியது அவர் செய்த புண்ணியம். கடைசியில் வழி சொன்னவர் அதே பல்கலைக்கழகத்தின் ரசாயனப் பேராசிரியர் கம்மிங். வாயுவை எண்ணெய் நிரம்பிய ஓர் உருளைக்குள் குமிழிட்டுப் போகச் செய்தால், பின்னோக்கி ஓடிவரும் தீ எண்ணெயைத் தாண்டாது என்றார். ஆசாரியின் மேசையில் கொப்பளித்துக்கொண்டிருந்த குடுவை நினைவிருக்கிறதா? 'பபிளர்' என்கிறார்கள். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர். மற்றபடி 200 வருடப் பழைய யோசனைதான்!

தீ பின்னோக்கி ஓடுமா? ஓடும், அதுவும் எப்படி! இந்தக் கலவையில் தீ பரவும் வேகம் சமையல் கேஸ் காற்றில் எரியும் வேகத்தைப் போலப் பல மடங்கு. வாயு வெளியே வரும் வேகம் அதைவிடக் குறைந்தால், தீ குழாய்க்குள் திரும்பிப் பாய்ந்துவிடும். மூடிய இடத்தில் அது முழு வெடிப்பாக மாறினால் நொடிக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் போகும். துப்பாக்கித் தோட்டாவெல்லாம் பின்னால்தான். சிரிஞ்சு ஊசி எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். துளை நுணுக்கமாக இருந்தால் வாயு சீறிக்கொண்டு வரும். தீயால் எதிர்நீச்சல் போட முடியாது. அதனால்தான் ஆசாரி அணைக்கும்போது குழாயை மெல்ல மெல்ல மூடவில்லை. வெடுக்கென்று மூடினார். அப்படியும் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் துள்ளினேன், அவர் சிரித்தார்.

கிளார்க்கின் செம்புப் பெட்டிக்கும் இன்றைய பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்: சேர்த்து வைப்பதில்லை. திறந்தால் உற்பத்தி, மூடினால் நிறுத்தம். உள்ளே அழுத்தம் ஓர் அளவைத் தொட்டதும் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும். எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது கொஞ்சம் வாயுதான். ஹைட்ரஜன் சிலிண்டரை 150 மடங்கு அழுத்தத்தில் அடைத்துச் சங்கிலி போட்டுக் கட்டி வைக்க வேண்டிய தொல்லை இல்லை. மாடிப்படியில் உருட்டி ஏற்றும் தொல்லையும் இல்லை. பட்டறையும் ஆய்வுக்கூடமும் இதை விரும்புவதற்கு என்னைக் கேட்டால் 2,800 டிகிரி காரணமே அல்ல. அந்தச் சூட்டை வேறு வழியிலும் கொண்டுவரலாம். அசெட்டிலின் இன்னும் 300 டிகிரி கூடவே தரும். விஷயம் சேர்த்து வைக்காததில்தான் இருக்கிறது.

சரி, சுண்ணாம்புக்கும் சினிமா நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் தெரியுமா? "லைம்லைட்டுக்கு வந்துட்டாருப்பா" என்கிறோமே, அந்த லைம் எலுமிச்சை அல்ல, சுண்ணாம்பு! சுட்ட சுண்ணாம்புக் கட்டியின் மேல் இந்தச் சுடரைப் பாய்ச்சினால் அது உருகாது. உருகாமல் வெள்ளை வெளேரென்று ஒளிர ஆரம்பிக்கும். சுடரே கண்ணுக்குத் தெரியாது. அது பட்ட சுண்ணாம்பைப் பார்த்தால் கண் கூசும்! அயர்லாந்தை அளக்கப் போன தாமஸ் டிரம்மண்ட் என்ற ராணுவப் பொறியாளர், 1825 நவம்பரில் ஒரு மலையுச்சியில் இந்த விளக்கை ஏற்றினார். 66 மைலுக்கு அப்பால், பெல்ஃபாஸ்ட் அருகே இன்னொரு மலையில் நின்றவர்களுக்கு அது தெரிந்தது! 1837-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கத்தில் நடிகர்கள் மேல் விழுந்தது. மின்விளக்கு வந்ததும் சுண்ணாம்பு போய்விட்டது, சொல் மட்டும் நம் ஊர் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு அந்த நட்சத்திர விளக்கின் நீர்த்துப்போன தம்பி!

அடுத்தது இன்னும் சுவாரசியம். தாத்தாவின் எச்எம்டி வாட்ச் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே நிஜமாகவே 17 மாணிக்கக் கற்கள்! சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காகப் பதித்தவை. ஆனால் பர்மாவில் தோண்டியவை அல்ல, தீயில் வளர்த்தவை. பாரிஸைச் சேர்ந்த ஆகஸ்ட் வெர்னுயி 1902-இல் அறிவித்த முறை அது. ஒரு கிண்ணத்தில் அலுமினா தூள், அதில் சிட்டிகை குரோமியம் ஆக்சைடு. மேலே ஒரு குட்டிச் சுத்தியல் 'டொக், டொக்' என்று தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் தூள் கீழ்நோக்கி எரியும் ஆக்சி-ஹைட்ரஜன் சுடருக்குள் உதிரும். 2,050 டிகிரிக்கு அருகில் உருகி, கீழே உள்ள தண்டின் நுனியில் சொட்டாக விழுந்து உறையும். சொட்டு மேல் சொட்டு. தண்டை மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தால், சில மணி நேரத்தில் தலைகீழ்ப் பேரிக்காய் மாதிரி ஒரு மாணிக்கம் வளர்ந்து நிற்கும்! பூமி கோடிக்கணக்கான வருடம் எடுத்துக்கொண்ட வேலை, மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

வெர்னுயி நல்ல கெட்டிக்காரர். முறையை 1890-களின் தொடக்கத்திலேயே எழுதி, முத்திரையிட்ட உறையில் பாரிஸ் அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பத்து வருடம் வாயைத் திறக்கவில்லை. ரசாயனப்படி அது அசல் மாணிக்கமேதான். லென்ஸ் வைத்துப் பார்ப்பவரிடம் மட்டும் மாட்டிக்கொள்ளும். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும். தீயில் வளர்ந்ததில் வளைந்திருக்கும், இடையிடையே காற்றுக் குமிழ்களும் தெரியும். திருச்சி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டினார்களே, அந்தத் தொழிலுக்கு வேர் இந்தச் சுடரில்தான் இருக்கிறது. திருவிழாக் கடையில் வாங்கிய சிவப்புக்கல் மூக்குத்தியை இனி ஏளனமாகப் பார்க்காதீர்கள்!

நீங்கள் இப்போது பார்க்கும் வாட்ஸ்அப் வீடியோ எந்த வழியாக வந்தது தெரியுமா? கண்ணாடி இழை வழியாக. 1934-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் பிராங்க்ளின் ஹைட் என்ற வேதியியலர் சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியைச் சுடருக்குள் விட்டுப் பார்த்தார். சுடரிலிருந்து கலப்படமற்ற வெள்ளைத் தூளாகச் சிலிக்கா கொட்டியது! அதே குடும்பத்து வித்தையை வைத்துத்தான் 1970-இல் அந்த நிறுவனத்தின் மூன்று ஆய்வாளர்கள் ஒளியை வெகுதூரம் கடத்தும் முதல் இழையை இழுத்தார்கள். விண்வெளியில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர்க் கண்ணாடியும் சுடரில் பிறந்த கண்ணாடிதான்.

கடலுக்கடியில் கப்பல் தகட்டை அறுக்கவும் ஒரு காலத்தில் இந்தத் தீயையே கூப்பிட்டார்கள். அசெட்டிலினைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே தானாகச் சிதறும். ஆழத்துக்குப் போகப் போக நீரின் அழுத்தத்தை வெல்ல வாயுவை அழுத்தித்தானே ஆக வேண்டும்? ஹைட்ரஜன் சாதுவாக அழுந்திக் கொடுக்கும்.

நம் பக்கத்திலேயே இந்தச் சுடரின் பெரியண்ணன் இருக்கிறான். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரி! இஸ்ரோவின் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதிக்கும் இடம். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன், இரண்டும் சேர்ந்து எரிந்து 20 டன் அளவுக்கு உந்துகின்றன. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3-ஐ மேலே தூக்கிய ராக்கெட்டின் கடைசி அடுக்கு எரித்ததும் இதைத்தான். ஆசாரியின் ஊசியில் எரிவதும் அதே ஜோடி. ஒரு வித்தியாசம் உண்டு: ராக்கெட்டில் ஹைட்ரஜனை வேண்டுமென்றே கூடுதலாக ஊட்டுவார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? உங்கள் தெரு முனை ஸ்டிக்கர் கடைக்குப் போங்கள். கடைப் பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக்கில் எழுத்து வெட்டுவார்கள். வெட்டிய விளிம்பு சொரசொரவென்று வெளுத்திருக்கும். இதே பெட்டியின் சுடரை அந்த விளிம்பின் மேல் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போவார் ஒரு பையன். தீ போன வழியெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளக்கும்! நின்றால் குமிழ் விடும், ஓடினால் வெளுப்பு போகாது. அந்தக் கை வேகம் எந்த மெஷினிலும் வராது. மருந்து ஆம்பூல்களின் கழுத்தை மூடுவதற்கும், பல் மருத்துவக் கூடங்களில் மெல்லிய கம்பியை இணைப்பதற்கும் இதே பெட்டிதான்.

ஆசாரியின் பெட்டியில் இன்னொரு குட்டி பாட்டில் இருந்தது. வால்வைத் திருப்பினார். தெரியாத தீ சட்டென்று பச்சையாகிவிட்டது! மெதனாலில் போரிக் அமிலத்தைக் கலந்து, அதன் ஆவியை வாயுவோடு சேர்க்கிறார்கள். சுடர் கண்ணுக்குத் தெரியும், சூடு கொஞ்சம் தணியும், பற்றவைக்கும் இடத்தை ஆவியே சுத்தப்படுத்தியும் கொடுக்கும். "வெள்ளிக்கு இதுதான் லாயக்கு. வெறும் தீ குத்திரும்" என்றார்.

இப்போது கொஞ்சம் கசப்பு மருந்து. இந்தச் சுடரைச் சுற்றி ஏகப்பட்ட கதைகள் உலவுகின்றன. பல்கேரியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய யூல் பிரவுன் 1970-களில் இதற்குக் காப்புரிமை வாங்க, 'பிரவுன் வாயு' என்று பெயரே வந்துவிட்டது. எந்தப் பொருளைத் தொடுகிறதோ அதற்கேற்பத் தீ தன் சூட்டை மாற்றிக்கொள்ளும் என்றெல்லாம் ஆதரவாளர்கள் சொல்வார்கள். மாயமில்லை. இந்தத் தீயில் மசி கிடையாது. மசி இல்லாத தீ பக்கவாட்டில் அனலை வீசாது. அதனால் அருகில் கை வைத்தாலும் சுடுவது போலத் தெரியாது. நேரே பட்ட இடம் மட்டும் கொதிக்கும்.

தண்ணீரில் ஓடும் கார்? ஸ்டான்லி மேயர் என்ற அமெரிக்கர் அப்படித்தான் சொன்னார். 1996-இல் ஒஹையோ நீதிமன்றம் அது மோசடி என்று தீர்ப்பளித்து, முதலீட்டாளர்களின் 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. அதே 1996-இல் நாம் இங்கே மூலிகை பெட்ரோலை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம்! தண்ணீர் எரிபொருள் அல்ல. அது எரிந்து முடிந்த ஹைட்ரஜனின் சாம்பல். ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்கப் பட்டறைப் பெட்டி ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரம் குடிக்கிறது. அந்த வாயு முழுவதையும் எரித்தால் திரும்பக் கிடைப்பது அதிகபட்சம் 4.4 யூனிட். ஆசாரிக்கு அந்த நஷ்டம் பொருட்டில்லை. அவருக்கு வேண்டியது ஊசி முனையில் நாலு நொடிச் சூடு. கார் வைத்திருப்பவருக்கு அது கட்டாது.

பட்டறைக்கு வாங்கப் போகிறீர்களா? பளபள பெட்டியைப் பார்த்து மயங்காமல், தீத்தடுப்பு வால்வு இருக்கிறதா, அழுத்த சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஓட விட்டுப் பாருங்கள். பபிளரில் தண்ணீர் மட்டம் குறைந்தால் பற்றவைக்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். பொட்டாஷைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆர்வக் கோளாறில் வீட்டில் டப்பாவும் பேட்டரியும் வைத்துச் செய்து பார்க்கத் துடிக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: உப்பு போட்டால் குளோரின் வரும், அது நுரையீரலைப் பதம் பார்க்கும். வருகிற வாயுவைப் பாட்டிலிலோ பலூனிலோ தயவுசெய்து பிடித்து வைக்காதீர்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியருக்கே அது பலமுறை வெடித்தது.